பூனைவணங்கியும் குன்னூர் ஊசியும்

'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்ற சொற்களுக்கு அஞ்சாத குழந்தை எங்கள் தலைமுறையில் திண்டுக்கல் பக்கத்தில் இருந்திருக்க முடியாது. தெருநாயிடம் விளையாடப் போகும் பிள்ளையை வீட்டுக்குள் இழுத்து வர அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. ஊசிக்கு அஞ்சியவர்கள் குழந்தைகள் மட்டுமல்லர். பெரியவர்களும் அஞ்சினார்கள், அஞ்சி, பக்கத்து ஊர் மருந்துக்காரரிடம் போனார்கள்.

நாயையும் பூனையையும் நோயின்றி வைத்துக்கொள்ள 'இயற்கை வழி' எது என்ற பேச்சு இன்று மீண்டும் பரவலாகியிருக்கிறது. மஞ்சள், வேப்பெண்ணெய், பூண்டு என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். இயற்கை வழி, வருமுன் காக்கும் வழி என்ற இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் இந்தப் பட்டியல்களுக்கு அடியில் இருக்கிறது. அவை சில இடங்களில் ஒன்றாகவும் சில இடங்களில் எதிரெதிராகவும் இருந்திருக்கின்றன என்பதை நம் பகுதியின் வரலாற்றிலிருந்தே காட்டலாம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

*

எங்கள் குடும்பத்தில் அடிக்கடி சொல்லப்பட்ட கதை ஒன்று உண்டு. வேடசந்தூருக்குக் கிழக்கே உள்ள மேட்டுநிலத்தில் என் தாத்தாவின் தம்பி ஆட்டுக்கிடை போட்டிருந்த காலம். 1950களாக இருக்கலாம். கிடைக்குள் புகுந்த வெறிநாய் ஒன்று இருட்டில் அவர் காலைக் கவ்விவிட்டது. அடுத்த ஊரில் நாய்க்கடிக்கு மருந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தார். பச்சிலை அரைத்துக் கொடுத்தார். நாற்பது நாள் பத்தியம், உப்பில்லை, புளியில்லை. சின்னத் தாத்தா பிழைத்துக்கொண்டார். எண்பது வயது வரை இருந்தார். அந்த மருந்தின் பெருமை எங்கள் வீட்டில் ஐம்பது ஆண்டுகள் பேசப்பட்டது.

கதையின் மறுபாதியை அப்பத்தா தம் கடைசிக் காலத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, சாதாரணமாகச் சொன்னார். அதே நாய் அதே வாரத்தில் கிடையில் வேலைபார்த்த ஒரு பையனையும் கடித்திருக்கிறது. கடி முகத்தில். அவனும் அதே மருந்தைக் குடித்தான், அதே பத்தியம் இருந்தான். இரண்டு மாதத்துக்குள் தண்ணீரைக் கண்டு நடுங்கி இறந்துபோனான். "பாவம், பத்தியத்தை எங்கேயோ முறிச்சிட்டான்" என்றார் அப்பத்தா. பிழைத்தால் மருந்து காத்தது. இறந்தால் பத்தியம் முறிந்தது. இந்தக் கணக்கில் மருந்து ஒருநாளும் தோற்காது.

வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதை அறிந்தால் இந்தப் புதிர் அவிழும். ஊசி போடாவிட்டாலும் கடிபட்டவர்களில் ஒரு பகுதியினரே நோய்க்கு ஆளாகிறார்கள். கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. காயத்தின் வழியே நரம்பைப் பற்றி மூளையை நோக்கிச் சிறிது சிறிதாக ஊர்ந்து செல்கிறது. கடி முகத்திலும் தலையிலும் என்றால் தொலைவு குறைவு, நரம்பு முனைகள் அதிகம், ஆபத்தும் அதிகம். காலில், அதுவும் துணிக்கு மேலாகப் பட்ட கடியானால் எச்சிலின் பெரும்பகுதியைத் துணியே துடைத்துக்கொள்கிறது. சின்னத் தாத்தா அன்றிரவு கம்பளியைக் கால்வரை போர்த்திப் படுத்திருந்தார். அவரைக் காப்பாற்றியது அந்தக் கம்பளியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. தவிர, கடிக்கிற நாய்களில் பல வெறிநோய் உடையவையும் அல்ல. எந்த மருந்தும் கொடுக்காமலே பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய ஒரு கடிக்கு மருந்து கொடுப்பவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைப்பது எளிது. நோய் வெளிப்பட்ட பிறகோ உலகின் எந்த மருத்துவத்திலும் அனேகமாக மீட்சி இல்லை.

நம் முன்னோர் அறியாதவர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெறிநாய், வெறிநரி இவற்றின் கடியால் வரும் நோயையும், தண்ணீரைக் கண்டு அஞ்சும் குறி தோன்றினால் பிழைப்பதில்லை என்பதையும் சுசுருத சங்கிதை மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பார்வை கூர்மையாகவே இருந்தது. கடிக்கும் நோய்க்கும் இடையே உள்ள அந்த ஒன்றிரண்டு மாத அவகாசத்தில் என்ன செய்ய முடியும் என்பதுதான் தெரியாதிருந்தது.

*

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தியவர் லூயி பாஸ்டர். வெறிநோய் கண்ட முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி, கிருமியின் வீரியத்தைக் குறைத்து, 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசியைச் செலுத்தினார். கிருமி மூளையை அடைவதற்குள் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கடிபட்ட பிறகும் 'வருமுன் காக்க' முடிகிற அரிய நோய் இது.

அதன்பின் பல ஆண்டுகள் இந்தியாவில் கடிபட்ட வெள்ளையர்களில் வசதியுள்ளோர் பாரிசுக்குக் கப்பலேறினார்கள். மற்றவர்கள் விதியை நம்பினார்கள். 1900இல் இமயமலைச் சரிவில் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தென்னாட்டுக்கு அது எட்டாத தொலைவு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுசெல்ல இயலாமற்போனது சென்னை மாகாணத்து ஆங்கிலேயரிடையே பெரும் அதிர்ச்சியாயிற்று. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் பெயர் தெரியாத எத்தனை ஆட்டுக்காரப் பையன்கள் இறந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு லில்லியின் பெயர்தான் வரலாற்றில் நிற்கிறது. ஆயினும் அந்த மரணத்தால் பிறந்த நிலையம் எல்லோருக்கும் பயன்பட்டது.

குன்னூருக்கு 1899லேயே மலைரயில் வந்துவிட்டிருந்தது. திண்டுக்கல்லில் கடிபட்டவர் திருச்சி, ஈரோடு, போத்தனூர் என்று சுற்றி மேட்டுப்பாளையம் போய் மலையேற வேண்டும். 1928இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் பாதை திறக்கப்பட்டபோது இந்தச் சுற்று குறைந்தது. பழனிக்குக் காவடி எடுத்துச் சென்ற அதே ரயிலில் கடிபட்டவர்களும் போயிருப்பார்கள். கூலிக்காரருக்கு அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் வேலையில்லை, மலைக்குளிருக்குத் துணியில்லை, மொழி புரியாத மருத்துவர். பக்கத்து ஊர் மருந்துக்காரரோ காலையில் போனால் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்தார். 'தம்பி' என்று அழைத்தார். நாட்டு மருந்தின் செல்வாக்குக்கு நம்பிக்கையைவிடத் தூரமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தூரத்தைக் குறைத்தவர் கசௌலி நிலையத்தின் முதல் இயக்குநரான டேவிட் செம்பிள். அவர் 1911இல் கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று தடுப்பூசி செய்யும் முறையைக் கண்டார். அது கெடாமல் இருந்தது; புட்டியில் அடைத்து அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறுவதற்குப் பதிலாக மருந்து மலையிறங்கி ஊர் மருத்துவமனைகளுக்கு வந்தது. நம் குழந்தைப் பருவத்தை அச்சுறுத்திய வயிற்று ஊசி இதுதான். ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது, நாள்தோறும் போடவேண்டியது, வலி மிகுந்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் அரிதாகச் சிலருக்குப் பக்கவாதம் போன்ற நரம்புக் கோளாறுகளையும் உண்டாக்கியது. மக்களின் அச்சம் முழுக்க மூடநம்பிக்கை என்று சொல்ல முடியாது. உயிரணு வளர்ப்பில் செய்த பாதுகாப்பான ஊசிகள் வந்த பின்னும் நெடுநாள் இதுவே ஏழைகளின் ஊசியாக நீடித்தது. 2004 இறுதியோடுதான் இந்தியாவில் இது கைவிடப்பட்டது. இன்று கையில் நான்கைந்து ஊசிகள். தோலுக்குள் போடும் முறையில் மருந்தும் மிகக் கொஞ்சம். வயிற்றில் யாரும் போடுவதில்லை. ஆனால் பதினான்கு ஊசிக் கதை மட்டும் இன்னும் சாகவில்லை. அதைக் கேட்டு மருத்துவமனைக்குப் போகாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடிவாயில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்பும் வழக்கமும் சாகவில்லை. அவை காயத்தை எரித்துக் கிருமியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளக்கூடும். செய்யவேண்டிய முதலுதவி எளியது: ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். ஊசிக்கு முந்தைய முதல் காப்பு நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது.

*

குன்னூர் நிலையத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ராபர்ட் மெக்காரிசன் 1918 முதல் அங்கேதான் உணவு ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்பதைப் போலவே எலிக்கூட்டங்களுக்கு உணவளித்து ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட 'சீக்கிய' எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய 'மதராஸி' எலிகள் மெலிந்து நோயுற்றன. அந்த ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. தடுப்பூசியும் உணவும் ஒரே வளாகத்தில் ஆராயப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கிறேன். இன்றைய சச்சரவில் இரண்டும் எதிர்க்கட்சிகளாக நிற்கின்றன.

உணவைப் பொறுத்தவரை இயற்கை வழிக்காரர்கள் சொல்வதில் உண்மை அதிகம். ஆனால் நாயின் இயற்கை வேறு, பூனையின் இயற்கை வேறு. நம் வீட்டு நாய் பழைய சோற்றிலும் கம்பங்கூழிலும் வளர்ந்தது வெறும் தலைவிதியால் அல்ல. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதனின் எச்சில் சோற்றை ஆயிரமாயிரம் ஆண்டுகள் தின்றதன் தடம் அது. பூனைக்கு அந்த மாற்றம் நேரவில்லை. அது இன்றும் முழு ஊனுண்ணி. இறைச்சியில் மட்டுமே போதிய அளவு கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும் என்பது 1975இலும், இதயம் தளர்ந்து வீங்கும் என்பது 1987இலும் தெரியவந்தன. தயிர்ச்சோறு தின்ற பழைய பூனைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்கலாம். அது தானியக் குதிரில் எலி பிடித்தது. நான்காம் மாடி வீட்டில் சைவமாக வளர்க்கப்படும் பூனைக்கு எலி இல்லை. அதற்கு மீனோ இறைச்சியோ கொடுப்பதே இயற்கை வழி.

ஆடுகள் மிகுந்த நம் சமவெளிக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி இருந்தால் அதை அப்படியே நாய்க்கு வீசுவது வழக்கம். அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கின்றன. அவை நாயின் குடலில் வளர்ந்து, முட்டைகள் நாயின் கழிவோடு வெளியேறி, ஆட்டையும் மனிதனையும் சேர்கின்றன. மனிதனின் ஈரலில் அதே கட்டி உண்டாகிறது. கழிவு ஈரலைப் புதைப்பது, நாய்க்குக் கொடுக்கும் இறைச்சியை வேகவைப்பது, நாய்க்கு முறையாகப் பூச்சிமருந்து கொடுப்பது: இம்மூன்றும் போதும்.

*

இனி மூலிகைகள். மாட்டுக்கு வாகட நூல்களே எழுதிய தமிழர், நாயையும் பூனையையும் பெரும்பாலும் தம்மைத்தாமே பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். அவையும் பார்த்துக்கொண்டன. நாய் அருகம்புல்லைக் கடிப்பதைக் கண்டு 'வயிறு சரியில்லை, கக்கப் போகிறது' என்போம். 2008இல் வெளியான கலிபோர்னிய ஆய்வொன்றில், புல் தின்னும் நாய்களில் மிகச் சிலவே முன்பு நோயுற்றுத் தோன்றின என்றும், அடிக்கடி வாந்தியெடுத்தவை கால்பங்குக்கும் குறைவு என்றும் தெரிந்தது. புல் தின்பது பெரும்பாலும் பழக்கம், மருந்தன்று.

பூனையின் கதை சுவையானது. நம் குப்பைமேடுகளில் வளரும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை அதில் முகம் தேய்த்து உருண்டு மயங்கும். இதைக் கண்டு பெயரிட்டவர் யாரென்று தெரியாது. அந்த மயக்கத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களை 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப்பூனைகளாகிவிட்டவற்றைப் பொறிக்கு ஈர்க்க வழிதேடியபோது அந்த வேர் அவர்கள் கண்ணில் பட்டது. தமிழில் ஒரு செடியின் பெயருக்குள் ஒளிந்திருந்த அறிவு இது. ஆனால் இதே செடியைக் கீரையாக உண்ட ஒருசிலருக்கு, பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த செய்தி இலங்கையிலிருந்து பதிவாகியிருக்கிறது. ஒரே செடியில் இரண்டும் உண்டு.

பூண்டும் அப்படித்தான். நமக்கு நல்லது, நாய்க்கும் பூனைக்கும் வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. உண்ணிக்குப் பூண்டு கொடுப்பது விளக்கெண்ணெய்க்குப் பதில் விளக்கையே விழுங்குவது போன்றது. வேப்பெண்ணெயும் கற்பூரமும் பூசிய பூனை தன் உடலை நக்காமல் இராது. பூசியது அனைத்தும் வயிற்றுக்குள் போகும். செயற்கை மருந்திலும் இதே பேதம் உண்டு: நாயின் உண்ணிக்குப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, நம் காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'இயற்கையா, செயற்கையா' என்பதாக இருக்க முடியாது. 'எந்த உயிருக்கு, எவ்வளவு, யார் சோதித்தது' என்று கேட்க வேண்டும். சோதித்தால் மரபு மருந்து வெல்லவும் கூடும். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்த மருந்தைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தினார். தேசியப் பால்வள வாரியமே அதைப் பரப்பியது. நாய்க்கடி மருந்துகளில் அப்படி ஒன்றும் வெல்லவில்லை.

*

திண்டுக்கல் 1866இல் நகராட்சியானது, 2014இல் மாநகராட்சி. தோல் மண்டிகளும் இறைச்சிக்கடைகளும் சந்தைகளும் நிறைந்த ஊர். கழிவு எங்கே குவிகிறதோ அங்கே நாய் குவியும். ஆங்கிலேயர் காலந்தொட்டு நகரங்கள் அறிந்த ஒரே வழி நாயைக் கொல்வது. கொன்ற இடத்தின் உணவுக்குப் புதிய நாய்கள் வந்தன. அவை ஊசியும் அறியாதவை, ஊரும் அறியாதவை. சென்னையில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு பல்லாண்டு வற்புறுத்திய பிறகு 1996இல்தான் மாநகராட்சி கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. 2001இல் மத்திய அரசின் விதிகள் வந்தன. 2023இல் திருத்திய விதிகள். 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்சநீதிமன்றம் இட்ட ஆணைகள் நாடெங்கும் இரு கட்சிகளை உண்டாக்கின. நாயை நேசிப்போர், நாயை வெறுப்போர் என்ற அந்தப் பிரிவினையில் மறைந்துபோவது ஓர் எளிய கணக்கு: ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துபோகும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. 1970களில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்டவர்களை வெறிநோய்க்குக் கொடுத்த இலங்கை, நாய்களுக்கு ஊசி போட்டே அதைச் சில பத்துகளாகக் குறைத்தது. கோவா வீடுவீடாக, தெருத்தெருவாக வலைகொண்டு நாய் பிடித்து ஊசி போட்டு, 2021இல் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. மெக்சிகோ 2019இல் நாய்வழி வெறிநோய் மரணம் அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியாவில் ஆண்டுக்கு இருபதாயிரம் பேர் இறப்பதாக 2003 ஆய்வு கணித்தது. அண்மைய மதிப்பீடு ஏறத்தாழ 5,700. குறைந்திருக்கிறது. ஆனால் முழுவதும் தடுக்கக்கூடிய ஒரு நோயில் 5,700 என்பது சிறிய எண்ணன்று.

வீட்டில் வளர்ப்போர் செய்யவேண்டியது அதிகமில்லை. மூன்று மாதக் குட்டிக்கு வெறிநோய் ஊசி, பின் ஆண்டுதோறும்; பூனைக்கும் அப்படியே, பூனையின் கடியும் வெறிநோயைத் தரும். நாய்க்குட்டிக்கு ஆறு எட்டு வாரத்திலிருந்தே பார்வோ முதலிய நோய்களுக்கான ஊசி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியை மழுக்கிவிடக்கூடும் என்பதால் பதினாறு வாரம் வரை இடைவெளிவிட்டுத் திரும்பவும் போட வேண்டும். பார்வோ நம் மூதாதையர் அறியாத நோய். 1978இல் உலகில் தோன்றி 1980களின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்துவிட்டது. அதற்கு மரபில் மருந்து தேடுவது, இல்லாத ஊருக்கு வழி கேட்பது.

அப்பத்தா சொன்ன அந்தப் பையனின் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நினைவிருந்திருக்கும். அவன் இறந்த ஆண்டுகளில் குன்னூர் மருந்து மலையிறங்கிக் கீழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தது. பத்தியத்தை அவன் முறித்திருக்க மாட்டான் என்றே நம்புகிறேன்.